அரைத் தாச்சிச் சாந்து

அன்புள்ள தம்பி,

கிளிநொச்சியில் கட்டட வேலை எடுக்கிற மூன்று கொந்தராத்துக்காரர் சேர்ந்து கேட்டுக்கொண்டபடியால், உனக்குப் புத்தி சொல்வதற்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். போன செவ்வாய்க்கிழமை சலூன் கதிரையில் தாடி பாதி வழித்தும் பாதி சவர்க்கார நுரையுமாய் நான் சாய்ந்து கிடந்த நேரம் பார்த்து மூன்று பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தொண்டையில் சவரக்கத்தி இருக்கும்போது எவன்தான் எதிர்த்துக் கதைப்பான்? "அண்ணை, உங்கட மகன் பூநகரியில பள்ளிக்கூடம் கட்டுறாரோ, இல்லாட்டி எங்களுக்குக் குழி வெட்டுறாரோ?" என்று மூத்தவர் தொடங்கினார். அரசாங்கம் விதித்த கூலியை நீ ஒரு சதமும் குறைக்காமல் கொடுக்கிறாயாம். கொடுப்பது போதாதென்று அதை மட்டையில் எழுதித் தொங்கவிட்டும் இருக்கிறாயாம். அதைப் பார்த்துவிட்டு வந்த இவர்களுடைய ஆட்கள், "எங்கட மட்டை எங்கை ஐயா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். "நீங்களும் ஒரு காலத்தில பள்ளிக்கூடம் கட்டின ஆள்தானே. தொழிலை எப்பிடிச் செய்யவேணும் எண்டு மகனுக்கு ஒருக்கால் வடிவாய் எழுதுங்கோ" என்றார் மூத்தவர். எழுதுறன் என்றேன். கத்தி எடுபட்ட பிறகும் எழுதுறன் என்றுதான் சொன்னேன். வாக்கு வாக்குத்தானே. ஆகவே, பள்ளிக்கூடம் கட்டும் தொழிலை உன் அப்பா எப்படிச் செய்தார் என்பதை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். கடிதத்தை ஒட்டாமல் லொறிக்காரக் கந்தையாவிடம் கொடுத்துவிடப் போகிறேன். வழியில் இருக்கிற பரந்தனுக்குப் போய்ச் சேருமுன்னமே அவன் இதை நாலு பேருக்கு வாசித்துக் காட்டிவிடுவான். அந்த மூன்று பேரின் காதிலும் விழவேண்டும் என்பதுதான் என் விருப்பமும்.

நான் விசுவமடுவில் எங்கள் பள்ளிக்கூடத்தைக் கட்டியபோது நீ யாழ்ப்பாணத்தில் போடிங்கில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். லீவில் வந்தபோது கட்டடம் ஓடு போட்டு, வெள்ளையடித்து, கலியாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. "அப்பாவோ கட்டினது?" என்று கேட்டாய். ஓம் என்றேன். அந்த ஓமுக்குப் பிறகு அந்தக் கட்டடத்தைப் பற்றி நான் உனக்கு வாய் திறந்ததில்லை. வேறு எதைப் பற்றியும் வாய் மூடாத மனுஷன் இதில் மட்டும் ஏன் ஊமையாய் இருக்கிறான் என்று நீயும் கேட்டதில்லை. உனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் போன வியாழக்கிழமை வரைக்கும் நினைத்திருந்தேன். வியாழக்கிழமைக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

அப்போது எங்கள் குடியேற்றத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர். அதில் வாய் நீளமான ஆள் நான். அதனாலேயே கொந்தராத்து எனக்கு வந்தது. கையெழுத்து வைத்த அன்று, வேலையை மேற்பார்க்கும் அரசாங்க ஓவசியர் ஒரு மட்டையையும் என் கையில் தந்தார். மேசனுக்கு இவ்வளவு, தச்சனுக்கு இவ்வளவு, ஆண் கூலிக்கு இவ்வளவு, பெண் கூலிக்கு இவ்வளவு என்று அச்சடித்த அறிவித்தல். அதற்குக் குறையக் கொடுக்கக்கூடாது. வேலை நடக்கும் இடத்தில் மட்டை தொங்கவேண்டும். இது கொந்தராத்துப் பத்திரத்திலேயே இருக்கும் நிபந்தனை என்றார். நான் சட்டத்துக்குப் பயந்த மனுஷன். அன்றைக்கே தொங்கவிட்டேன். எங்கே என்றால், சீமெந்துக் கொட்டிலுக்குள். கொட்டில் பூட்டின் திறப்பு என் அரைஞாணில். வேலை நடக்கும் இடத்துக்குள்தானே கொட்டில் இருக்கிறது? ஓவசியர் வந்தால் திறந்து காட்டுவேன். அவர் எட்டிப் பார்த்து, "நல்ல நேராய்த் தொங்குது" என்று சொல்லிவிட்டு இளநீர் குடிக்கப் போவார். மற்ற நாட்களில் அந்த அறிவித்தலை வாசித்தவை நாற்பது சீமெந்துப் பையும் ஒரு பல்லியும்.

கார்த்திகைக் கடைசியில், மழை விட்ட ஒரு நாளில், பிள்ளையாருக்குப் பொங்கி அத்திவாரம் போட்டோம். பொங்கல் பானைக்குப் பக்கத்தில் நின்று நான் ஒரு பேச்சுப் பேசினேன். எங்கள் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவன் வீடு வேய்ந்தால் ஊரே வந்து ஓலை எடுத்துக் கொடுக்கும், குளக்கட்டு உடைந்தால் ஊரே மண் வெட்டும், கூலி என்ற பேச்சே எழாது; மத்தியானம் ஒரு சோறு, பின்னேரம் ஒரு தேத்தண்ணி. காடு வெட்டிக் குடியேறிய காலத்தில் அந்த வழக்கம் இல்லாவிட்டால் நாங்கள் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டோம். அதை நினைவூட்டி, "இது எங்கட பிள்ளையளின்ர பள்ளிக்கூடம். ஆனபடியால் பாதி கூலி, பாதி தொண்டு" என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பிள்ளையாருக்கு முன்னால், கையில் சுடச்சுடப் பொங்கலோடு நிற்கிறவன் வேறு எதை ஆட்டுவான்? தம்பி, அந்தப் பேச்சில் நான் சொல்லாமல் விட்டது ஒன்றே ஒன்று. வீடு வேயும்போது வீட்டுக்காரனிடம் பணம் இல்லை. இந்த வேலைக்கு அரசாங்கம் முழுக் கூலியும் என்னிடம் தந்திருந்தது. இன்னுமொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மேசனிடம் நான் தொண்டு கேட்கவில்லை. கேட்டால் அவன் கரணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். போக இடமில்லாதவர்களிடம்தான் தொண்டு கேட்டேன்.

மிஞ்சிய பாதியை நான் குடித்துத் தொலைக்கவில்லை, உன் அம்மாவுக்குச் சங்கிலி செய்யவுமில்லை. அப்படிச் செய்திருந்தால் அவாவாவது என் பக்கம் கதைத்திருப்பா. அதைவிடக் கேவலமான ஆசை எனக்கு. யாழ்ப்பாணத்தில் ஒரு கல் கொத்துகிறவரிடம் போய், இரண்டு முழ நீளத்தில் ஒரு கருங்கல்லுக்கு முன்பணம் கட்டினேன். அதில் என் முழுப் பெயர், பெயருக்கு முன்னால் நானே எனக்குக் கொடுத்துக்கொண்ட இரண்டு பட்டம், கீழே "தொண்டுள்ளத்துடன் இப்பாடசாலையைக் கட்டி முடித்தவர்" என்று ஒரு வரி. யாருடைய தொண்டு என்று கல் கொத்துகிறவர் கேட்கவில்லை. எழுத்துக்கு இவ்வளவு என்றுதான் கேட்டார்.

சுவர் கட்டிய மேசன் யோசேப்பு முல்லைத்தீவுக் கடற்கரை ஆள். மாரியில் கடல் கொதிக்கும்போது அவர்கள் ஊரில் தொழில் இல்லை என்பதால் தங்கச்சி திரேசம்மாவையும் சாந்து சுமக்கக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஐப்பசிப் புயலில் அவளுடைய புருஷனின் வலை போய்விட்டது. வள்ளம் உடைந்து கரையில் கிடந்தது. அதை அவன் திருத்திக்கொண்டிருந்தான். மாசியில் கடல் திறக்குமுன் வலை வாங்கினால் சொந்த வள்ளத்தில் சொந்தத் தொழில். வாங்காவிட்டால் ஊர் மீன் முதலாளியான சம்மாட்டியின் வலைக்கு ஆளாய்ப் போய், வருஷம் முழுக்கப் பிடிக்கிற மீனில் அவர் கழித்தது போக மிஞ்சினதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இதெல்லாம் அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னதுதான். நானும், பாவம், என்று சொன்னேன். பாவம் என்று சொல்லச் செலவில்லையே.

முதல் சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது, மேசையில் நான் வைத்ததை அவள் எடுக்கவில்லை. "மிச்சம், ஐயா?" என்றாள். அது தொண்டு, பிள்ளை, என்றேன். "ஆருக்கு?" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு என்றேன். "என்ர பிள்ளையள் கடற்கரைப் பள்ளிக்கூடத்திலயெல்லோ படிக்குதுகள். அந்தச் சுவருக்கு நான் ஏற்கெனவே மண் சுமந்தாச்சு, சுவாமியாரைக் கேட்டுப் பாருங்கோ." எல்லாரும் சந்தோஷமாய்த் தருகிறார்களே என்றேன். அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். சந்தோஷமாய்த் தந்தவர்கள் எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எல்லாருக்கும் இஞ்ச காணி இருக்கு ஐயா. எனக்குத் தலை மட்டும்தான் இருக்கு. அதிலதான் உங்கட சாந்தைச் சுமக்கிறன்" என்று சொல்லிவிட்டு, வைத்ததை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து நான் ஒரு சுருட்டுப் பற்றவைத்தேன்.

திங்கட்கிழமை காலமை பார்த்தால் திரேசம்மா சாந்து சுமக்கிற இரும்புத் தாச்சியைப் பாதிக்கு மட்டும் நிரப்பிக்கொண்டு வருகிறாள். களவு நடை இல்லை, சோம்பல் இல்லை. வழமையை விட விறுவிறென்று வருகிறாள், மரியாதையாய் இறக்குகிறாள், திரும்பிப் போகிறாள். தாச்சியின் உள்பக்கத்தில் கரியால் ஒரு கோடும் போட்டிருந்தாள், பாதிக்கு ஒரு கரண்டி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மரச் சாரத்தில் ஏறி நின்ற யோசேப்புக்கு இரண்டு கல் வைக்குமுன் சாந்து முடிந்துவிடும். "தங்கச்சி, இண்டைக்கு என்ன விபூதிப் புதனோ? இது நெத்தியில பூசத்தான் காணும்" என்று மேலேயிருந்து கத்தினான். "மிச்சப் பாதி தொண்டு அண்ணை. அதை ஐயான்ர ஆக்கள் கொண்டு வருவினம்" என்றாள் அவள். முதலில் எல்லாரும் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை தண்ணி அள்ளுகிறவன் அரை வாளியோடு வந்தான். புதன்கிழமை மணல் அரிக்கிறவன் மத்தியானத்தோடு அரிதட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அரைநாள் கூலி முடிஞ்சுது, இனித் தொண்டு நேரம்" என்று மர நிழலில் படுத்தான். பொங்கல் பானைக்கு முன்னால் தலையாட்டிய அதே தலைகள்தான். ஒருவரும் என்னோடு சண்டை பிடிக்கவில்லை, ஒருவரும் வேலைக்கு வராமல் நிற்கவுமில்லை. சனிக்கிழமை வந்தது. சுவர் மட்டும் இடுப்பு உயரத்திலேயே நின்றது.

அந்த நேரம் பார்த்து ஓவசியர் சைக்கிளில் வந்து இறங்கினார். பங்குனியில் திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வருகிறார், அதற்குள் கூரை ஏறாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இளநீர்கூடக் குடிக்காமல் போனார். என் மனம் இளகியது, கண் கலங்கியது என்று எழுத எனக்கும் ஆசைதான். இளகியது மனமில்லை தம்பி, மடியில் இருந்த காசு முடிச்சு. அன்று பின்னேரமே திரேசம்மாவைக் கொட்டிலடிக்குக் கூப்பிட்டு, "உனக்கு மட்டும் முழுக் கூலி தாறன் பிள்ளை. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு அந்த மட்டையில எழுதியிருக்கோ ஐயா?" என்றாள். எந்த மட்டை என்றேன். "கொட்டிலுக்குள்ள தொங்கிறது. மூண்டாம் வரி பெண் கூலி. முதல் நாள் நீங்கள்தானே சீமெந்துப் பை எடுக்க என்னை உள்ளுக்கு விட்டனீங்கள். பை தலையிலதான் இருந்தது. கண் சும்மாதானே இருந்தது."

கடற்கரையில் மீன் விற்கிற பெண்ணுக்கு எழுத்து வாசிக்கத் தெரிந்திருக்காது என்று நான் கேட்டுப் பார்க்காமலே முடிவு கட்டியிருந்தேன். கன்னியாஸ்திரிகள் அவளுக்கு ஐந்தாம் வகுப்பு வரை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எங்கள் ஊரில் தலையாட்டிய ஆண்களில் பாதிப் பேருக்கு அந்தப் படிப்பு இல்லை. பிள்ளையள் படிக்கப் பள்ளிக்கூடம் கட்டுகிறேன் என்று மார்தட்டிய நான், என் ஆட்களுக்கு வாசிக்கத் தெரியாது என்பதை நம்பித்தான் அந்த வேலையையே நடத்தியிருக்கிறேன். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, நீயும் இந்த இடத்தில் சிரிக்கவேண்டாம்.

மட்டையை வெளியில் எடுத்தேன். எங்கே தொங்கவிடட்டும் என்று அவளையே கேட்டேன். "தண்ணிப் பானையடியில. தாகம் இல்லாத ஆள் இல்லையே" என்றாள். அந்தச் சனிக்கிழமை, பிடித்த பாதியையும் சேர்த்து எல்லாருக்கும் கொடுத்தேன். திங்கட்கிழமை தாச்சிகள் நிரம்பி வழிந்தன, பொங்கல் பானைதான். தை பிறக்குமுன் சுவர் முடிந்தது, மாசியில் கூரை ஏறியது. இன்னுமொரு சங்கதி நடந்தது. முழுக் கூலியும் கையில் வாங்கிய அதே ஊர் ஆட்கள், நான் கேட்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியும் கதியால் தடியுமாய் வந்து பள்ளிக்கூட வளவைச் சுற்றி வேலி அடைத்தார்கள். சதமும் கேட்கவில்லை. சோறுகூட அவரவர் வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள். தொண்டு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் முன்பு வாங்கியதற்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும், எழுதவேண்டாம்.

மாசியில் திரேசம்மா ஊருக்குப் போனாள். பங்குனியில் யோசேப்பின் கையில் ஒரு பொட்டலம் பாரைக் கருவாடு வந்தது. "புது வலையில பிடிச்சதாம். முழு நிறை, பாதித் தொண்டு இல்லையெண்டு ஐயாவிட்டச் சொல்லச் சொன்னவ" என்றான். உன் அம்மா அதைக் கத்தரிக்காயோடு குழம்பு வைத்தா. நான் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். மானம் ரோஷம் பார்க்கிற குழம்பு இல்லை அது.

கல்லைக் கேட்கிறாய். சொன்ன நாளுக்கு வந்து சேர்ந்தது, வழவழவென்று, என் பெயரோடு. எங்கே பதிக்கிறது ஐயா என்று யோசேப்பு கேட்டான். வெட்கத்தால் பதிக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பாதிப் பொய். திரேசம்மா அப்போது இன்னும் வேலையில் நின்றாள். அவள் அதை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்துவிடுவாள் என்று பயந்தேன். மாட்டு வண்டியில், வைக்கோலுக்குக் கீழே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா எழுத்தை ஒருக்கால் வாசித்தா. கிணற்றடியில் எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி போடச் சொன்னா. நீ லீவில் வந்த நாளிலிருந்து அதன்மேல் நின்றுதான் குளித்திருக்கிறாய். எப்போதாவது நான் கொஞ்சம் பெரிய மனுஷத்தனம் காட்டினால் அவா நான் உடுத்த சாரத்தை அந்தக் கல்லில் ஓங்கி அடித்து, "எத்தனை வருஷமாய்த் துவைக்கிறன், அழுக்குப் போறதாய்க் காணேல்லை" என்பா.

இனி வியாழக்கிழமைக் கதை. சலூனிலிருந்து வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று பேரும் சொன்னது உண்மைதானா, இல்லாவிட்டால் நீயும் அப்பாவின் பிள்ளைதானா என்று பார்க்கவேண்டும். ஓடு எடுக்க நீ யாழ்ப்பாணம் போகிற நாளைக் கந்தையாவிடம் அறிந்துகொண்டு, உன் அம்மாவுக்குக் கண் வைத்தியரிடம் போவதாய்ச் சொல்லிவிட்டு, பழைய சாரமும் தலையில் துவாயுமாய்ப் பூநகரி பஸ்ஸில் ஏறினேன். ஓம், உன்னை உளவு பார்த்தேன். உன் வேலைத்தலத்துக்குள் வேலை தேடி வந்தவன் மாதிரி நுழைந்தேன். மட்டை தண்ணிப் பானையடியில் தொங்கியது. ஒரு பெண் உயரத்துக்கு. அதைக் கண்டதும் என் கால் நின்றுவிட்டது.

பானையில் தண்ணி மொண்ட பெண் ஒருத்தி என்னைப் பார்த்தாள். "வேலைக்கோ ஐயா? வாசிக்கத் தெரியாட்டி நிண்டு கேளுங்கோ" என்று சொல்லி, வரிக்கு வரி விரல் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் விடவில்லை. "இதெல்லாம் எழுத்தில இருக்கும் பிள்ளை. பள்ளிக்கூடத்துக்கு எண்டு சொல்லிக் கொஞ்சம் பிடிக்கிறதில்லையோ?" என்றேன். அவள் என்னை மேலும் கீழுமாய்ப் பார்த்தாள். "நீங்கள் எந்தக் கொந்தராத்துக்காரரின்ர ஆள்?" என்றாள். பிறகு பாவம் பார்த்தாளோ என்னவோ, பானையடியில் குந்தியிருந்து எனக்கு ஒரு கதை சொன்னாள். முந்தி எங்கேயோ ஒரு கொந்தராத்துக்காரர் இருந்தாராம். பாதிக் கூலி கொடுத்தாராம். ஒரு பெண் அரைத் தாச்சிச் சாந்து சுமந்தாளாம். "எங்கட தம்பி ஐயா முதல் நாளே எங்களைக் கூப்பிட்டு இந்தக் கதையைச் சொல்லி, நான் கூலியில பிடிச்சால் நீங்களும் அரைத் தாச்சி சுமவுங்கோ எண்டு சொன்னவர்." நான் துவாயை முகத்தில் இழுத்துக்கொண்டு, ஆர் அந்தக் கொந்தராத்துக்காரன் என்று கேட்டேன். "அதைத்தான் சொல்லமாட்டார். நாங்கள் கேட்டுப் பார்த்தம். பிந்தினாலும் முழுசாய்க் குடுத்த மனுசன், அப்பிடி எத்தினை பேர் இருக்கினம் எண்டு மட்டும் சொல்லுறவர்."

நான் தண்ணி குடித்தேன். இரண்டு செம்பு. பிறகு பஸ்ஸுக்கு நடந்தேன். பூநகரி பஸ் எப்போது வரும் என்று உனக்குத் தெரியும். காற்று வாங்கிக்கொண்டு கனநேரம் நிற்க வேண்டியிருந்தது. அது நல்லதாய்ப் போயிற்று. வீட்டுக்குப் போகுமுன் முகம் காய நேரம் கிடைத்தது. உன் அம்மா கிணற்றடியில் இருந்தா. ஆர் பிள்ளைக்குச் சொன்னது என்று கேட்டேன். கையை நிறுத்தாமலே சொன்னா: "அவனுக்குக் கொந்தராத்துக் கடிதம் வந்த அண்டைக்கு நானும் அவனுமாய்க் கல்லைப் புரட்டிப் பார்த்தனாங்கள். முழுக் கதையும் அப்பதான் சொன்னனான். அப்பாவுக்கு முன்னால ஒண்டும் தெரியாதமாதிரி இருப்பம் எண்டு அவன்தான் சொன்னவன்." பிறகு, "கண் வைத்தியர் என்ன சொன்னவர்?" என்றா. நல்லாய்த் தெரியுது எண்டவர் என்றேன்.

தம்பி, இந்த வயதில் ஒருவனுக்குப் பெருமைப்பட இரண்டு பள்ளிக்கூடம் கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஒன்று நான் கட்டியது, அதில் முக்கால் பங்கு திரேசம்மாவுடையது. மற்றது நீ கட்டுவது, அதில் எனக்கு ஒரு கல்லும் இல்லை. இரண்டாவதைத்தான் நான் இப்போது சந்தியில் நின்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அந்த மூன்று பேர் கேட்ட புத்தியும் இத்தோடு முடிந்தது. வேண்டுமானால் அவர்களும் எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாய் இரண்டு விஷயம். உன் தண்ணிப் பானை மூன்று உடைந்த செங்கல்லில் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒரு நாளைக்கு விழுந்து உடையும். கந்தையாவின் லொறியில் இந்தக் கடிதத்தோடு கிணற்றடிக் கல்லும் வருகிறது. எழுத்துப் பக்கத்தைக் கீழே போட்டு, பானையை அதன்மேல் வை. உன் அம்மா சம்மதித்துவிட்டா, அவாவுக்குப் புதுக் கல் வேண்டுமாம், பேர் இல்லாததாய்ப் பார்த்து. மற்றது, காவலுக்கு ஆள் வேண்டும் என்று அந்தப் பானையடிப் பெண் சொன்னாள், அதற்கும் மட்டையில் கூலி போட்டிருக்கிறது என்றாள். எனக்கு நித்திரை குறைவு, கண்ணும் நல்லாய்த் தெரிகிறது. ஆள் எடுக்கிறதென்றால் சொல்லி அனுப்பு, வாறன். ஆனால் முழுக் கூலி தரவேண்டும். மகன் என்றதுக்காக நான் சதமும் விடமாட்டேன்.

உன் அப்பா